ஒரு 22 அங்குல ஹெர்குலிஸ்: சிறுவயது மிதிவண்டியைச் சீரமைத்தது பற்றிய நிகழ்வு ஆய்வு

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிக்கு அருகே உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் மாட்டுக்கொட்டகையில், விறகடுக்குக்கும் சுவருக்கும் நடுவே பல ஆண்டுகள் சாத்தியே கிடந்த ஒரு மிதிவண்டியைச் சென்ற ஆண்டு நானும் அக்காவும் தம்பியும் சேர்ந்து ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தோம். சிறுவயதில் ஓட்டிய வண்டியை மீண்டும் ஒருமுறை ஓட்ட வேண்டும் என்ற ஆசை என் வயதையொத்த பலருக்கும் இருக்கிறது. ஆனால் அந்த ஆசையோடு பழைய வண்டியைப் பட்டறையில் கொண்டுபோய் விட்டவர்கள், அது பளபளவென்று திரும்பி வந்த பிறகு, ஏதோ ஒன்று குறைகிறது என்று சொல்வதையும் கேட்டிருக்கிறேன். அந்தக் குறை எங்கிருந்து வருகிறது என்பதை இந்த ஒரு வண்டியைக் கொண்டே விளக்க முடியும் என்று நம்புவதால், செய்த வேலையையும் அதற்கு முன் எங்களுக்குள் நடந்த வாதத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். ஓட்டத்துக்கும் பாதுகாப்புக்கும் வேண்டியவற்றைத் தயங்காமல் மாற்றிவிட வேண்டும், ஆனால் குழந்தையாக இருந்தபோது நம் உடம்பு பட்டுத் தேய்ந்த இடங்களைத் தொடக் கூடாது என்பதே நான் வந்து சேர்ந்த முடிவு.

வண்டி வந்த வழி

அப்பா அதை 1979-ல் புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் வாங்கினார். கருப்பு நிறம், 22 அங்குலச் சட்டம், 28 அங்குலச் சக்கரம், கம்பிப் பிரேக், பின்னால் அகலமான கேரியர். சென்னை அம்பத்தூரில் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலையின் தயாரிப்பு அது. ஹெர்குலிஸ் என்ற பெயரும் அந்த வண்டியின் வடிவமும் பர்மிங்காமிலிருந்து வந்தவை. கரடுமுரடான சாலைக்காகவே இங்கிலாந்தில் உருவான கனத்த சட்டம், சாய்வான முன்ஃபோர்க், பெரிய சக்கரம் ஆகிய மூன்றும், அந்த நாட்டில் அந்த வகை வண்டி மறைந்துபோன பிறகும், எங்கள் பக்கத்துச் செம்மண் தடங்களில் அதை வாழவைத்தன. வடகாடு, மாங்காடு பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பலாப்பழத்தைச் சாக்கில் கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோகவும், கடலை மூட்டையை மில்லுக்கு ஏற்றிப்போகவும் அப்பாவுக்கு இருந்த ஒரே வாகனம் அதுதான். கேரியரின் இடப்பக்கத் தாங்குகம்பி இன்றும் சற்று உள்வாங்கியே இருப்பது அந்தப் பாரங்களால்தான்.

ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரே வண்டி என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு அரசே விலையில்லா மிதிவண்டி தரும் காலம் வந்ததெல்லாம் பின்னால்தான். 1980-களில் எங்கள் தெருவில் சைக்கிள் என்பது குடும்பத் தலைவரின் உடைமை. அவர் திண்ணையில் சாய்ந்து கண்ணயர்ந்த மதிய நேரத்தில்தான் அது பிள்ளைகளின் கைக்கு வரும். வாடகைக் கடையில் மணிக்கணக்குக்குக் கிடைத்த, சிறுவர் உயரத்துக்கேற்ற கால் வண்டியும் அரை வண்டியும் காசு உள்ளவர்களுக்கு. எங்களுக்கு வாய்த்தது அப்பாவின் முழு வண்டி. எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை அதன் சீட்டில் ஏறி உட்கார்ந்தால் கால் பெடலை எட்டாது. எனவே மூவருமே அதைக் குரங்குப் பெடலில்தான் பழகினோம்.

அக்கா பழகிய விதம் மட்டும் சற்று வேறு. சிறுமியாக இருந்தபோது தொடங்கியதை வயதுக்கு வந்ததும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் பெண்களுக்கான பயிற்சியாக ஆக்கினார். அடுத்த ஆண்டுக்குள் கல் குவாரித் தொழிலாளர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் சாலைக்கு வந்தார்கள். பெண்களுக்கான வண்டி கடைகளில் கிடைக்காமல் போனபோது பார் வைத்த ஆண்கள் வண்டியையே ஓட்டினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பி எடுத்தவர்களும் உண்டு. அந்த அலையில்தான் அக்கா, தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, நிறுத்திவைத்த இடத்திலிருந்து மறுபடியும் தொடங்கினார். இந்த வண்டியின் சீட்டில் முறையாக உட்கார்ந்து ஓட்டிய முதல் பிள்ளை அவர்தான் என்பது பின்னால் வரும் ஒரு முடிவுக்கு முக்கியமாகிறது.

குரங்குப் பெடல் விட்டுச்சென்ற தடங்கள்

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வண்டியின் இடப்பக்கம் நின்றுகொண்டு, இடது கையால் ஹேண்டிலின் இடப்பிடியைப் பற்றி, வலக்கையை மேலே போட்டுப் பாரையோ சீட்டின் மூக்கையோ அணைத்துப் பிடித்துக்கொண்டு, இடது காலை இடப்பெடலில் ஊன்றி, வலது காலைப் பாருக்குக் கீழே உள்ள முக்கோணத்தின் வழியாக நுழைத்து வலப்பெடலை மிதிப்பதுதான் குரங்குப் பெடல். உடம்பு ஒரு பக்கம் தொங்குவதால் வண்டியை எதிர்ப்பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் சமநிலை கிடைக்கும். முதலில் பெடலை முழுவதும் சுற்றாமல் மேலும் கீழுமாகப் பாதி மட்டும் மிதிக்கும் அரைப் பெடல், அது கைவந்த பிறகு முழுப் பெடல். இவ்வளவையும் செய்துகொண்டே பாருக்கு மேல் தலையை நீட்டிச் சாலையைப் பார்க்கவும் வேண்டும்.

இப்படி ஓட்டும் பிள்ளையின் உடம்பு வண்டியில் எங்கெங்கே படுகிறது என்று யோசித்தால், பெரியவர்கள் ஓட்டும்போது படும் இடங்களிலிருந்து அது முற்றிலும் மாறுபடுவது தெரியும். பெரியவர்களுக்குச் சீட்டு, இரண்டு கைப்பிடி, இரண்டு பெடல் ஆகிய ஐந்தும்தான் தொடும் இடங்கள். குரங்குப் பெடல் போடும் பிள்ளைக்கோ பாரின் பின்பாதி அக்குளில் அழுந்தும், சீட்டுக்குழாய் வலது தொடையில் உரசும், செயின் கவரின் வெளிமுகமும் மேல்விளிம்பும் வலது கெண்டைக்காலில் ஒவ்வொரு சுற்றிலும் தேயும். கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து, தூசியையும் ஒட்டடையையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் நிறுத்தியபோது, இந்த மூன்று இடங்களிலும் கருப்பு வண்ணம் போய், இரும்பு பழுப்பேறி, மற்ற இடங்களைப் போல் சொரசொரப்பாக இல்லாமல் வழவழப்பாக இருந்தது.

செயின் கவரைத்தான் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா அதில் தம் தலைப்பெழுத்தையும் பெயரையும் மஞ்சள் வண்ணத்தில் எழுதவைத்திருந்தார். ஊர்த் திருவிழாவுக்குப் பலகை எழுத வந்த ஓவியர் எழுதியது என்று அம்மா சொல்வார். எழுத்துகளின் கீழ்ப்பாதி இன்றும் தெளிவாக இருக்கிறது, விளிம்பில் கருஞ்சிவப்பு நிழல்கூட மங்காமல் தெரிகிறது. மேல்பாதி இல்லை. மூன்று பிள்ளைகளின் கெண்டைக்கால்கள் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுத்துவிட்டிருக்கின்றன. அவர் பெயரும் எங்கள் தேய்மானமும் ஒரே தகட்டில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்திருந்தன.

எது பழுது, எது பழுதில்லை

வண்டியை ஆலங்குடியில் உள்ள ஒரு பழைய மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். வாடகை சைக்கிள் கடை வைத்திருந்து, அந்தத் தொழில் போன பிறகு பழுது பார்ப்பதை மட்டும் விடாமல் செய்துவருபவர். அவர் முதலில் செய்தது சட்டத்தைத் தட்டிப் பார்த்ததுதான். ஸ்பானரின் பிடியால் ஒவ்வொரு குழாயையும் தட்டி, ஓசை எங்கே மந்தமாகிறது என்று கேட்டார். உள்ளிருந்து துரு தின்ற குழாய் மந்தமாக ஒலிக்கும். பெட்டிக்கு அருகே, அதாவது பெடல் அச்சு நுழையும் இடத்தில், நீர் தேங்குவதால் அங்கேதான் பெரும்பாலும் ஓட்டை விழும். எங்கள் வண்டியில் அந்த இடமும் முன்ஃபோர்க்கின் தோளும் திடமாக இருந்தன. மேலே படிந்த துரு தோலோடு நின்றுவிட்டிருந்தது.

மற்றவை அவ்வளவு நன்றாக இல்லை. பின்சக்கர ரிம், கம்பித் துளைகளைச் சுற்றிச் செதில் செதிலாக உரிந்து, நகத்தால் கீறினாலே உதிர்ந்தது. அந்த வகை வண்டியில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பாரம் தாங்கும் பின்சக்கரத்துக்கு 40 கம்பி. பின்னால் இருந்தவற்றில் பல ஒடிந்துபோய், கம்பியை ரிம்மில் பிடிக்கும் திருகான நிப்பிளோடு தொங்கின. பெடல் அச்சைக் கழற்றியபோது பால்ரஸ் ஓடும் தடத்தில் சிறுசிறு குழிகள் விழுந்திருந்தன. பின்சக்கரத்தின் பல்சக்கரமான ஃப்ரீவீலுக்குள் கிரீஸ் இறுகி அதன் நாக்குகள் ஒட்டிக்கொண்டதால் பெடலை எந்தப் பக்கம் சுற்றினாலும் அது பிடிக்கவே இல்லை. டயர் வெடித்துச் சிலும்பு பறந்தது, டியூப் ரிம்மோடு உருகி ஒட்டியிருந்தது. சீட்டின் தோல் நடுவில் கிழிந்து, அடியில் இருந்த சுருள்வில் ஒன்று முறிந்திருந்தது. கம்பிப் பிரேக்கின் இணைப்புகள் எல்லாம் துருவில் இறுகிப்போயிருந்தன.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு மாற்று வாங்குவதில் சிரமம் எதுவும் இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். 28 அங்குல வண்டி நம் நாட்டில் இன்றும் தயாரிக்கப்பட்டுக்கொண்டிருப்பதால், அதன் டயர், ரிம், கோன், கப், கட்டர் பின், பிரேக் கட்டை எல்லாம் புதுக்கோட்டைக் கடைகளிலேயே கிடைக்கின்றன, பழைய சட்டத்தில் அப்படியே பொருந்துகின்றன. கியர் வைத்த, வளைந்த சட்டம் கொண்ட பிற்கால வண்டிகளுக்கு இந்த நல்வாய்ப்பு இல்லை. அவற்றுள் பலவற்றின் உதிரிப் பாகங்கள் அந்தந்த மாதிரி நின்றுபோனதோடு நின்றுவிட்டன.

வண்ணம் பூசுவதா

தம்பிக்கு இருந்த விருப்பம் எளிமையானது. சட்டத்தைச் சுரண்டி எடுத்து, அடிப்பூச்சு கொடுத்து, கருப்பு வண்ணம் ஸ்பிரே செய்து, பொன்னிறக் கோடு போட்டு, அப்பாவின் பெயரைப் புதிதாக எழுத வேண்டும் என்றான். “அண்ணே, அப்பா வாங்கின அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படி இருக்கணும்” என்பது அவன் சொன்ன காரணம். அது பாசத்தில் சொன்னது என்பதால் உடனே மறுக்க மனம் வரவில்லை. ஆனால் வாங்கிய அன்று எப்படி இருந்தது என்பது எங்கள் மூவரில் எவருக்கும் நினைவில்லை. அவன் அப்போது பிறக்கவே இல்லை.

அதனால் எதையும் பிரிப்பதற்கு முன், மூவரும் தனித்தனியே, மற்றவர் சொன்னதைக் கேட்காமல், இந்த வண்டியைப் பற்றி என்னென்ன நினைவிருக்கிறது என்று சொல்வதாக ஏற்பாடு செய்துகொண்டோம். அக்காவுக்கு முதலில் வந்தது ஓர் ஓசை: அப்பா தோட்டத்திலிருந்து திரும்பும்போது ஒவ்வொரு மிதிக்கும் ‘டொக்’ என்று ஒன்று கேட்கும், அதை வைத்தே உலையில் அரிசி போடலாம் என்று அம்மா சொல்வாராம். பாரில் துண்டைச் சுற்றிக் கட்டி உட்கார வைத்தது, இடப்பெடலில் ரப்பர் கட்டை இல்லாத பக்கம் வெறுங்காலில் குத்தியது, டைனமோவைத் தட்டிவிட்டதும் வண்டி திடீரெனக் கனத்தது ஆகியவற்றைச் சொன்னார். தம்பி சொன்னவற்றுள் பெல்லின் நசுங்கிய மூடியும், செயின் கவர் காலில் சூடாகப் பட்டதும், கேரியரில் இருந்த பலாப்பழ வாசனையும் இருந்தன. நான் சொன்னது பாரின் குளிர்ச்சியை, அக்குளில் அது அழுத்திய வலியை, பெடல் மிதிக்காமல் இறக்கத்தில் விட்டபோது ஃப்ரீவீல் எழுப்பிய கிர்ரென்ற ஓசையை.

மூவரில் ஒருவரும் வண்ணத்தைப் பற்றிப் பேசவில்லை. சட்டத்தின் மேல் ஒட்டியிருந்த ஹெர்குலிஸ் சின்னத்தை ஒருவரும் சொல்லவில்லை. தம்பி அதை பி.எஸ்.ஏ. வண்டி என்றே நினைத்துக்கொண்டிருந்தான். இரண்டும் ஒரே அம்பத்தூர் ஆலையிலிருந்து வந்த பெயர்கள் என்பதால் அது பெரிய பிழை இல்லை, ஆனாலும் கவனிக்க வேண்டிய செய்தி. அதைவிட முக்கியமாக எனக்குப் பட்டது, சீட்டு பற்றிய நினைவு எனக்கும் தம்பிக்கும் ஏறக்குறைய இல்லாமலே இருந்ததுதான். சீட்டின் மூக்கைப் பிடித்ததுண்டு. அதன்மேல் உட்காரும் உயரம் வந்தபோது நான் வெளியூர் விடுதிக்குப் போய்விட்டேன், தம்பிக்கு வேறு வண்டி வந்துவிட்டது. அக்காவுக்கு மட்டும் சீட்டு நினைவிருந்தது, அதுவும் பதினேழு பதினெட்டு வயதில் ஏறி உட்கார்ந்த அந்தச் சில மாதங்களின் சீட்டு. ஏக்கம் ஒவ்வொருவருக்கும் அவரவர் உடம்பு அன்றிருந்த உயரத்துக்கு ஏற்ற இடத்தில் தங்கியிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக வேறு எதுவும் எனக்குக் காட்டியதில்லை.

இதை எங்கள் வீட்டு விசேஷம் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக ஊரறிந்த ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் இருந்த ராலே நிறுவனம் 1969-ல் அமெரிக்காவிலும் 1970-ல் பிரிட்டனிலும் சாப்பர் என்ற சிறுவர் வண்டியை விற்பனைக்கு விட்டது. நம் நாட்டில் அசன்சோலில் சென்-ராலே ஆலை மூலம் அறிமுகமான அதே ராலேதான். முன்சக்கரம் 16 அங்குலம், பின்சக்கரம் 20 அங்குலம், உயர்ந்த ஹேண்டில், முதுகு சாயும் நீண்ட சீட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக, காரில் இருப்பதுபோல் பாரின் மேலேயே பொருத்திய மூன்று வேகக் கியர் நெம்புகோல். 1970-களின் பிரிட்டிஷ் பிள்ளைகளுக்கு அது கனவு வண்டி. பதினைந்து லட்சத்துக்கு மேல் விற்று, 1980-களின் தொடக்கத்தில் பி.எம்.எக்ஸ். வகை வண்டிகள் வந்ததும் மங்கியது. அந்தப் பிள்ளைகள் நடுவயதை எட்டியபோது, 2004-ல் நிறுவனம் அதே பெயரில் வண்டியை மீண்டும் கொண்டுவந்தது. சட்டம் எடை குறைந்த அலுமினியக் கலவையானது, சீட்டு மாற்றப்பட்டது, விழும்போது உடம்பில் குத்தும் என்ற பாதுகாப்புக் காரணத்தால் கியர் நெம்புகோல் பாரிலிருந்து ஹேண்டிலுக்குப் போனது. பழைய வண்டியை நேசித்தவர்களுக்கு அது நிறைவு தரவில்லை. 2023-ல், நெம்புகோலைப் பாரின்மேல் பழைய இடத்திலேயே வைத்து, எஃகுச் சட்டத்தோடு பழைய வண்டியை ஒட்டியே செய்தபோது, 950 பவுண்டு என்ற விலையிலும் அது விரைவிலேயே விற்றுத் தீர்ந்தது. 2004-ன் வண்டியும் பார்வைக்குச் சாப்பர்தான். கை தேடிப்போன இடத்தில் அந்த நெம்புகோல் இல்லை.

நினைவைப் பற்றிப் படிப்பவர்களும் இதற்கு ஒத்த இரண்டு செய்திகளைச் சொல்கிறார்கள். நடுவயதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கச் சொன்னால், ஏறக்குறைய பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவையே மிகுதியாக மேலெழுகின்றன என்பது ஒன்று. சைக்கிள் ஓட்டுவது போன்ற உடற்பழக்கங்கள், பெயரும் தேதியும் தங்கும் நினைவிலிருந்து வேறான ஒரு வகை நினைவில் தங்குவதால், சொல்ல முடியாததைக்கூட உடம்பு செய்துகாட்டிவிடும் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது செய்தியைப் பழுதுபார்ப்பவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை என்பது என் வருத்தம்.

மெக்கானிக்கிடம் எங்கள் வாதத்தைச் சொன்னபோது அவர் செயின் கவரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பெயிண்ட் அடிச்சுத் தர்றது எனக்கு அரை நாள் வேலை தம்பி. அடிச்சு நிறுத்தினப்பறம், இது யார் வீட்டு வண்டின்னு நானே கேப்பேன்.” தம்பி அதற்கு எதுவும் சொல்லவில்லை. தேய்ந்த எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, கவரை மட்டும் விட்டுவிடலாம் என்றான். அடுத்த வாரம் சட்டத்தையும் விட்டுவிடலாம் என்று தொலைபேசியில் அவனே சொன்னான்.

செய்த வேலை

முதலில் துரு. உப்புத்தாள் போட்டால் தேய்ந்த இடத்தின் வழவழப்பும் எழுத்தும் போய்விடும் என்பதால், மண்ணெண்ணெயில் நனைத்த துணியும் மெல்லிய பித்தளைக் கம்பித் தூரிகையும் மட்டுமே பயன்படுத்தினோம். உதிரும் துருவை மட்டும் எடுத்து, உலரவிட்டு, மெழுகைத் தேய்த்து ஏற்றினோம். மெழுகு ஏறியதும் பழுப்பும் கருப்பும் ஆழ்ந்த நிறமாகி, பார் ஏறக்குறைய புளியங்கொட்டையின் நிறத்துக்கு வந்தது. செயின் கவரின் எழுத்துப் பகுதியில் தூரிகையே படவில்லை, பஞ்சால் ஒற்றி எடுத்ததோடு சரி. சட்டத்தின் உட்புறத்தில், சீட்டுக்குழாய் வழியாக எண்ணெய் விட்டு, வண்டியைப் புரட்டிப் புரட்டி எல்லாக் குழாய்க்கும் ஓடவைத்தார் மெக்கானிக். துருவை உள்ளிருந்து நிறுத்த இதைவிட எளிய வழி இல்லை.

பின்சக்கர ரிம்மும் கம்பிகளும் டயர்களும் டியூப்களும் புதியவை. இதில் வாதத்துக்கே இடமில்லை. ஓடும்போது ரிம் பிளந்தால் விழுவது ஓட்டுபவர். புது ரிம்மில் கம்பி கோத்து முடித்த பிறகு அவர் கோட்டம் எடுத்த விதத்தை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சக்கரத்தைச் சுழலவிட்டு, ஃபோர்க்கில் விரலை ஊன்றி, ஒரு சாக்குக்கட்டியை ரிம்மின் ஓரத்துக்கு மயிரிழை தள்ளிப் பிடித்துக்கொள்கிறார். எங்கே வெள்ளைக் கோடு விழுகிறதோ அங்கே ரிம் வெளியே வந்திருக்கிறது. அதற்கு எதிர்ப்பக்கத்துக் கம்பியை நிப்பிள் சாவியால் கால் சுற்று இறுக்கி, கோடு விழுந்த பக்கத்துக் கம்பியைக் கால் சுற்றுத் தளர்த்துகிறார். கோட்டைத் துடைத்துவிட்டு மறுபடியும் சுழலவிடுகிறார். கடைசியில் சக்கரம் நின்றபோது வெள்ளைக் கோடு ரிம்மின் முழுச் சுற்றுக்கும் ஒரே சன்னமாக விழுந்திருந்தது.

சீட்டைப் புதிதாக மாற்ற எனக்கும் தம்பிக்கும் மறுப்பில்லை, அக்காவுக்கும் பெரிய வருத்தமில்லை. அவர் கேட்டதெல்லாம் பழைய உயரத்திலேயே வைக்க வேண்டும் என்பதுதான். இடப்பெடலைக் கழற்றி, பால்ரஸ் மாற்றி, கிரீஸ் வைத்துத் திரும்ப மாட்டினோம். இடப்பெடலின் மரை மட்டும் எதிர்த்திசையில் இருக்கும் என்பதை அறியாமல் வலுவாகத் திருப்பி மரையைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு, வீட்டிலேயே பிரிக்க நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. இல்லாத ரப்பர் கட்டையை அப்படியே விட்டுவிட்டோம். வெறுங்காலில் ஓட்டப் போவதில்லை, எனவே அதனால் ஆபத்தில்லை. பெல்லின் நசுங்கிய மூடி அப்படியே இருக்கிறது, உள்ளே இருக்கும் பல்சக்கரத்தை மட்டும் மாற்றினோம். கேரியரின் வளைவையும் நிமிர்த்தவில்லை. ஃப்ரீவீல் சில நாள் மண்ணெண்ணெயில் ஊறிய பிறகு தானாகவே வழிவிட்டது. மெல்லிய எண்ணெய் விட்டுச் சுழற்றியபோது எழுந்த ஓசை நான் சொன்ன அதே ஓசையாக இருந்தது.

கடினமான முடிவு ஒன்றே ஒன்று. அக்கா சொன்ன ‘டொக்’ ஓசை, பெடலைத் தாங்கும் கையான கிராங்கை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் இடப்பக்கக் கட்டர் பின் தேய்ந்ததால் வந்தது. பின்னின் சரிவான முகம் தேய்ந்தால், பாரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு மிதியிலும் கிராங்க் மிகச் சிறிதளவு ஆடும், அந்த ஆட்டம்தான் ஓசையாகக் கேட்கும். அதை அப்படியே விட்டால் அச்சும் கிராங்கின் துளையும் சேர்ந்து கெடும், ஒருநாள் மிதிக்கும்போதே கிராங்க் வழுக்கும். அப்பா ஏன் அதை மாற்றாமல் ஓட்டினார் என்று தெரியவில்லை, ஒருவேளை அடுத்த அறுவடைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருப்பார். எங்கள் விதிப்படி பாதுகாப்புக்கு உரியது மாற்றப்பட வேண்டும். ஆனால் மற்ற எந்தப் பாகத்தையும்விட அக்காவின் நினைவு அந்த ஓசையில்தான் இருந்தது. மெக்கானிக்தான் வழி சொன்னார். மற்ற எல்லா வேலையும் முடிந்து வண்டி ஓடும் நிலைக்கு வந்த பிறகு, பழைய பின்னோடு கடைக்கு முன்னால் உள்ள தெருவில் மெதுவாக ஒரு நடை ஓட்டினார். தம்பி கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்து அந்த ஓசையைப் பதிவு செய்தான். பிறகு பின்னைச் சுத்தியலால் தட்டி வெளியேற்றி, புதியதன் சரிவை அரத்தால் பொருந்த ராவி இறுக்கினார். இப்போது வண்டி ஓசையில்லாமல் போகிறது. அது சரியான முடிவு என்றே இப்போதும் கருதுகிறேன், ஆனால் அக்காவைப் பொறுத்தவரை ஈடில்லாத இழப்பு என்பதையும் இந்த ஆய்வில் பதிய வேண்டும்.

ஓட்டிப் பார்த்தபோது

மூவரும் எங்கள் ஊர்க் கண்மாய்க் கரைச் சாலையில் ஓட்டினோம். எனக்கு முதலில் தோன்றியது வண்டி சிறியதாகிவிட்டது என்பதே. சீட்டில் உட்கார்ந்து இரண்டு காலும் தரையில் படும்படி நின்றபோது நினைவு எதுவும் வரவில்லை. ஏதோ ஒரு நல்ல பழைய வண்டியை ஓட்டிய நிறைவு மட்டுமே இருந்தது. இறங்கி, தள்ளிக்கொண்டு வரும்போது, வலக்கை தானாகவே பாரின் பின்பாதியில் விழுந்தது. அந்தத் தேய்ந்த வழவழப்பைத் தொட்டதும், வெயிலில் சுடும் தார்ச்சாலையும், அப்பா விழித்துவிடுவாரோ என்ற பயமும், முதல் முழுப் பெடல் விழுந்தபோது வயிற்றில் ஏற்பட்ட கூச்சமும் ஒன்றாக வந்தன. அந்த இடத்தில் வண்ணம் பூசியிருந்தால் கை விழுந்திருக்கும், தேடியது கிடைத்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

அக்காவுக்கு நேர்மாறாக நடந்தது. பாரையோ கவரையோ அவர் கவனிக்கவே இல்லை. சேலையைச் செருகிக்கொண்டு, பெடலில் ஒரு காலை வைத்து உந்தி, பாரைத் தாண்டிச் சீட்டில் ஏறினார், பத்தடி போவதற்குள் முதுகு நிமிர்ந்துவிட்டது. அந்த உயரத்தில் உட்கார்ந்து பார்க்கும் சாலைதான் தனக்கு நினைவிருக்கிறது என்று சொன்னார். தம்பியின் ஏழு வயது மகளுக்குக் குரங்குப் பெடலைச் சொல்லிக்கொடுக்க முயன்றோம். அவளுக்குக் கியர் வைத்த சொந்த வண்டி இருக்கிறது, இந்தக் கனத்த இரும்பை ஏன் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டு ஓட்ட வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. இந்த வண்டிமேல் ஏக்கம் கொள்ள அவளுக்கு எந்தக் காரணமும் இல்லை, அவளுடைய ஏக்கம் வேறு ஏதோ ஒரு பொருளில் இப்போது தேய்ந்து பதிந்துகொண்டிருக்கும்.

வண்டி இப்போது ஊர் வீட்டின் உள்திண்ணையில், டயர் தரையில் படாதபடி இரண்டு மரக்கட்டைகளின் மேல் சட்டம் தாங்க நிற்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னும் தைக்குப் பின்னுமாக ஆண்டுக்கு இருமுறை சட்டத்துக்குள் எண்ணெய் விட்டு, மெழுகைப் புதுப்பித்து, செயினுக்கு எண்ணெய் போடுவது என் பொறுப்பு. கழற்றிய பழைய ரிம், பழைய சீட்டு, தேய்ந்த கட்டர் பின் ஆகியவற்றை அம்மாவின் பழைய மரப்பெட்டியில் எண்ணெய்த் துணி சுற்றி வைத்திருக்கிறோம். டைனமோ மட்டும் இன்னும் சரியாகவில்லை. அதன் உட்சுருள் எங்கோ அறுந்திருக்கிறது, சக்கரத்தில் சாய்த்தால் வண்டி கனக்கிறதே தவிர விளக்கு எரியவில்லை. புதிதாக ஒன்று வாங்கி மாட்டிவிடலாம் என்று தம்பியும், இதையே சுருள் கட்டக் கொடுக்கலாம் என்று அக்காவும் சொல்கிறார்கள். புதுக்கோட்டையில் சிறிய மோட்டார்களுக்குச் சுருள் கட்டும் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன், பிரித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.